முடிவுக்கோட்டில் ஒரு தங்கூசி வலை

எனக்கு முன்னால் ஒரேயொரு படகுதான் போய்க்கொண்டிருந்தது. இடப்பக்கத்துப் பாதையில் ஒருத்தி புஸ் புஸ்ஸென்று மூச்சு விடுவது கேட்டது. அவள் எனக்குப் பின்னால்தான். வலப்பக்கத்தில் யாரும் கிட்ட இல்லை. இரண்டாம் இடம் உறுதி, கொஞ்சம் உயிரைக் கொடுத்தால் முதலாம் இடமும் கிடைக்கலாம் என்கிற நிலைமை.

கொழும்புப் பக்கத்து ஏரி அது. தண்ணீர் உப்பே இல்லாமல் சப்பென்று இருந்தது. உதட்டில் பட்டவுடனேயே இது எங்கள் தண்ணீர் இல்லை என்று தெரிந்துவிட்டது. ஆனாலும் படகு நன்றாகத்தான் ஓடியது.

முடிவுக்கோடு நெருங்கியது. ஒவ்வொரு பாதையின் முடிவிலும் இரண்டு பக்கமும் சிவப்பு மிதப்புகள் போட்டிருந்தார்கள். எல்லாப் பாதைகளையும் சேர்த்துப் பார்த்தால் ஏரிக்குக் குறுக்கே ஒரு வரிசையாக, ஒழுங்காக, ஆடிக்கொண்டு கிடந்தன.

நான் துடுப்பைத் தூக்கினேன்.

தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு படகை மெல்ல வழுக்கவிட்டேன். அது போதாதென்று குனிந்து தண்ணீருக்குள்ளும் பார்த்தேன். அந்தக் கொஞ்ச நேரத்துக்குள் புஸ் புஸ்காரி என்னைத் தாண்டினாள். வலப்பக்கத்தால் இன்னொருத்தி தாண்டினாள். தொடக்கத்திலிருந்தே கடைசியாக வந்துகொண்டிருந்த ஒருத்தி, தான் யாரையாவது முந்துவோம் என்று கனவிலும் நினைத்திராதவள், அவளும் என்னை ஆச்சரியமாகப் பார்த்துக்கொண்டே தாண்டினாள்.

ஐந்தாவதாக வந்தேன்.

கரையில் என் பயிற்சியாளர் இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டு புல்லில் இருந்துவிட்டார். நான் கிட்டப் போனதும் அழாக்குறையாகக் கேட்டார்.

"என்னத்துக்குப் புள்ள தூக்கினாய்?"

"வலை கிடந்திச்சு சேர்."

"ஆர்ட வலை?"

"ஆர்டயோ வலை."

"புள்ள, அது வலை இல்ல. அதுதான் முடிவு."

கையைத் தூக்குகிற சனம்

சிரிக்கிறவர்கள் சிரித்து முடியுங்கள், காத்திருக்கிறேன்.

மட்டக்களப்பு வாவிக்கரையில், நாவற்குடாவில் தோணிக்காரர் வீட்டில் பிறந்த யாரை வேண்டுமானாலும் பிடித்துக் கேட்டுப் பாருங்கள். தண்ணீரில் மிதப்புகள் வரிசையாகக் கிடந்தால் கீழே ஒருவருடைய வலை கிடக்கிறது என்று அர்த்தம். தோணியில் போகிற ஆள் துடுப்பைத் தூக்கிவிட வேண்டும். தோணி தன் பாட்டில் வழுக்கிக்கொண்டு மேலால் போகும். அந்தப் பக்கம் போன பிறகுதான் மறுபடி துடுப்பைத் தண்ணீரில் போடலாம். வலைக்காரன் பார்க்கிறானா இல்லையா என்பது கணக்கில் இல்லை. அவன் வீட்டில் குறட்டை விட்டுக்கொண்டு கிடந்தாலும் தூக்கத்தான் வேண்டும்.

வலையைத் துடுப்பால் அறுத்தவனுக்கு எங்கள் கரையில் மரியாதை கிடையாது. வலை அறுந்து கலியாணம் குழம்பிய கதைகூட எங்கள் குடும்பத்தில் உண்டு. அதை நான் எழுதினால் சித்தி என்னோடு பேசமாட்டாள். ஆகவே விட்டுவிடுகிறேன்.

அப்பா என்னைச் சின்ன வயதிலேயே தோணியில் முன்னுக்கு வைத்துக்கொண்டு போவார். மிதப்பைக் கண்டதும் "தூக்கு!" என்பார். என்னிடம் துடுப்பு இருக்காது. வெறுங்கையைத் தூக்குவேன். நான் நடக்கப் பழகியதும் கையைத் தூக்கப் பழகியதும் ஒரே காலம் என்று அம்மா சொல்வாள்.

அது எவ்வளவு தூரம் உடம்பில் ஊறிவிட்டது என்றால், டவுனில் வீதி திருத்துகிறவர்கள் சிவப்புக் கூம்புகளை வரிசையாக வைத்திருந்தால் நான் சைக்கிளில் பெடல் மிதிப்பதை நிறுத்திவிடுவேன். பின்னால் வருகிறவர்கள் திட்டுவார்கள். நான் என்ன செய்ய?

எங்கள் பயிற்சிகளில் முடிவுக்கோடென்று ஒன்று இருக்கவில்லை. சேர் கரையில் ஒரு துவாய்த் துண்டை உயர்த்திப் பிடித்துக்கொண்டு நிற்பார். துவாய்க்கு நேரே வந்தால் முடிவு. துவாயைக் கண்டு யாரும் துடுப்பைத் தூக்குவதில்லை. அதனால்தான் இந்த வியாதி எனக்கு இருக்கிறதென்று அந்த ஏரிக்குப் போகும்வரை யாருக்கும் தெரியாமல் போனது.

ஒரு ஆளுக்கு இரண்டு அளவு

போன வாரம் இந்தப் பத்தியில் என் முழங்கால் கறுப்பைப் பற்றி எழுதியதற்குப் பல பேர் மருந்து சொல்லியிருக்கிறார்கள். தேசிக்காய், கற்றாழை, ஒருவர் கோயிலில் சாஷ்டாங்கமாக விழுந்து கும்பிடுவதை நிறுத்தச் சொல்லியிருக்கிறார். ஐயா, அது பக்தியால் வந்த கறுப்பு இல்லை.

கயாக் என்பது வேறு, கனோ என்பது வேறு. கயாக்கில் இருக்கிறவர்கள் கால் நீட்டி இருந்து இரண்டு பக்கமும் மாறி மாறி வலிப்பார்கள். கனோவில் அந்தச் சொகுசு இல்லை. ஒரு முழங்காலை ஊன்ற வேண்டும், மற்றக் காலை முன்னால் வைக்க வேண்டும், ஒரே பக்கத்தால் மட்டும் வலிக்க வேண்டும். சுக்கானும் கிடையாது. ஒரு பக்கத்தால் வலித்துக்கொண்டே படகை நேராகக் கொண்டுபோக வேண்டும். படகின் அகலமோ மிகக் குறைவு. தும்மல் வந்தால் அடக்கிக்கொள்வது நல்லது.

நான் வலப்பக்கத்தால் வலிக்கிறவள். சில வருடம் வலித்ததில் வலத்தோளும் வலக்கையும் வேறு ஒரு ஆளுடையவை மாதிரி ஆகிவிட்டன.

அக்காவின் கலியாணத்துக்குச் சட்டை தைக்கக் காத்தான்குடியில் சுபைதா ராத்தாவிடம் கொடுத்தோம். ராத்தா தையலில் கெட்டிக்காரி. வழக்கம்போல ஒரு கையை மட்டும் அளந்தா. நான் வலக்கையில் போனைப் பிடித்துக்கொண்டிருந்ததால் இடக்கையை அளந்தா. கலியாண வீட்டில் மாப்பிள்ளைக்கு ஆலாத்தித் தட்டைத் தூக்கினேன். வலக்கைச் சட்டை தோளிலிருந்து முழங்கைவரை கிழிந்தது. மாப்பிள்ளை வீட்டார் வெடி கொளுத்தியாயிற்று என்று நினைத்து வாசலுக்கு ஓடிப்போய்ப் பார்த்தார்கள்.

ராத்தாவுக்கு வெட்கம் தாங்கவில்லை. அடுத்தமுறை என்னைக் கண்டபோது இரண்டு கையையும் பிடித்துப் பார்த்தா.

"அல்லாஹ்வே! நான் தைக்கத் தொடங்கின நாளையில இருந்து ஒரு ஆளுக்கு ரெண்டு அளவு எடுத்ததில்ல புள்ள. ஒனக்கு இனிமே ரெண்டு பேரெண்டு நெனச்சித்தான் தைக்கணும்."

ராத்தாவை இங்கே இழுத்ததற்குக் காரணம் இருக்கிறது. அவவுடைய புருசன் பழைய போத்தல் வாங்கி விற்கிறவர். கதைக்கு அந்தப் போத்தல்கள் தேவை.

குசினிக்குள் மூக்கு, வாசலில் வால்

எங்கள் மாவட்டத்தில் பந்தயக் கனோ ஒன்றேயொன்றுதான் இருந்தது. கொழும்பிலிருந்து பாவிக்கத் தந்திருந்தார்கள். பழசு. அடியில் இரண்டு இடத்தில் ஒட்டுப் போட்டிருந்தது. எங்கள் வீடு கரைக்குக் கிட்ட என்பதால் அதை எங்கள் முன்னறை ஹோலுக்குள் வைத்திருந்தோம். ஹோலைவிடப் படகு நீளம். மூக்கு குசினிக்குள் நீட்டிக்கொண்டிருக்கும், வால் முன்வாசலில் கிடக்கும். வீட்டுக்கு வருகிறவர்கள் அதைத் தாண்டித்தான் உட்காரக் கதிரைக்குப் போக வேண்டும்.

அம்மா ஆரம்பத்தில் சத்தம் போட்டாள். பிறகு படகின் மூக்கில் அகப்பையைச் சாத்தி வைக்கத் தொடங்கினாள். பிறகு ஈரத் துணியைக் காயப் போட்டாள். கடைசியில் வந்தவர்கள் யாராவது படகில் காலை வைத்துவிட்டால், "மெதுவாக் கடவுங்க, அது புள்ளயிட படகு" என்பாள்.

நான் ஐந்தாவதாக வந்த கிழமையே சேருக்குக் கொழும்பிலிருந்து அழைப்பு வந்தது. அடுத்த போட்டியில் மட்டக்களப்பு ஆள் யாராவது முதல் மூன்று இடத்துக்குள் வராவிட்டால், படகைத் திருப்பி எடுத்து வேறு மாவட்டத்துக்குக் கொடுக்கப்போகிறார்களாம். கனோவில் மட்டக்களப்பு ஆள் என்றால் நான் ஒருத்திதான்.

படகு போனால் என் விளையாட்டு முடிந்தது. அது நாங்கள் கடைக்குப் போய் வாங்குகிற சாமான் இல்லை. அப்பாவின் தோணியைக் கொண்டுபோய்ப் பந்தயத்தில் விடவும் முடியாது. எனக்கு அந்தப் படகு வேண்டும். என் வாழ்க்கையில் வேறு எதற்கும் நான் அப்படி ஆசைப்பட்டதில்லை. அன்றைக்கு இரவு சாப்பிடாமல் படுத்தேன். அம்மாவும் சாப்பிடவில்லை என்று பிறகுதான் தெரிந்தது.

இந்த இடத்தில் சேரைப் பற்றிச் சொல்ல வேண்டும். களுவாஞ்சிக்குடிக்காரர். பள்ளிக்கூட விளையாட்டு ஆசிரியர். என்னைவிடச் சில வயதுதான் கூட. வெளிநாட்டுப் பந்தயங்களைப் போனில் பார்த்துப் பார்த்தே கனோவைக் கரைத்துக் குடித்தவர். ஆனால் நீச்சல் தெரியாது. தண்ணீரென்றால் பயம். கரையில் நிற்கும்போதும் உயிர்காப்பு அங்கி போட்டுக்கொண்டுதான் நிற்பார். வாவிக்கரை வீதியால் மோட்டர் சைக்கிளில் என்னோடு சமமாக ஓடிக்கொண்டு கத்துவார். அப்போதும் அங்கி, அதற்கு மேலே ஹெல்மெட். தெருவில் போகிறவர்கள் வெள்ளம் வரப்போகிறதாக்கும் என்று வானத்தைப் பார்ப்பார்கள்.

சூனியப் போத்தல்கள்

சேர் முதலில் சொன்ன வைத்தியம், கண்ணை மூடிக்கொண்டு வலி என்பதுதான். மூடிக்கொண்டு வலித்தேன். நேரே போய்ப் பேரின்பம் அண்ணனின் வலைக்குள் ஏறினேன்.

பேரின்பம் அண்ணன் எங்கள் பக்கத்து வளவுக்காரர். வலையும் வாயும் அவருக்குப் பெரிது. வேலியில் ஏறி நின்றுகொண்டு அரை நாள் பேசினார். அப்பா அந்த வலையை வாங்கிக்கொண்டு வந்து, முற்றத்தில் குந்தி, பொழுதுபடும்வரை அறுந்த கண்ணிகளைப் பொத்தினார். மீனவர் சங்கத்துத் தலைவரின் மகள் வலை அறுத்தாள் என்றால் அவர் எந்த முகத்தோடு கரைக்குப் போவார்? என்னை ஏசியிருந்தால்கூடப் பரவாயில்லைபோல இருந்தது.

இரண்டாவது வைத்தியம்தான் போத்தல்கள். சேர் காத்தான்குடிக்குப் போய் சுபைதா ராத்தா வீட்டில் ஒரு சாக்கு வெறும் பிளாஸ்டிக் சோடாப் போத்தல் வாங்கி வந்தார். ராத்தா எதற்கென்று கேட்டு, விசயம் தெரிந்ததும் இன்னொரு சாக்கைச் சும்மா கொடுத்தாவாம். போத்தல்களை நீளக் கயிற்றில் கட்டி வாவிக்குக் குறுக்கே போட்டோம். கீழே வலை கிடையாது, வெறும் கயிறு. அதை நான் தினமும் துடுப்பைத் தூக்காமல் தாண்டிப் பழக வேண்டும் என்பது திட்டம்.

திட்டத்தில் ஒரு பிழை. ஊருக்குச் சொல்ல மறந்துவிட்டோம். சேர் நான் சொல்லியிருப்பேன் என்று நினைத்தார், நான் சேர் சொல்லியிருப்பார் என்று நினைத்தேன்.

விடிந்து பார்த்தால், நல்ல இறால் படுகிற இடத்தில் முன்பின் தெரியாத ஒருவன் வலை போட்டிருக்கிறான். கரை கொந்தளித்தது. ஆனால் ஒருவரும் தொடவில்லை. யாருடையதென்று தெரியாவிட்டாலும் வலை வலைதான். எல்லாரும் துடுப்பைத் தூக்கித் தூக்கி அதைத் தாண்டிப் போய் வந்து, அப்பாவிடம் முறைப்பாடு சொன்னார்கள். அப்பா கூட்டம் வைத்தார். கூட்டத்தில் முடிவு வரவில்லை. கடைசியில் நாலு பேரைச் சாட்சிக்கு வைத்துக்கொண்டு கயிற்றைத் தூக்கிப் பார்த்தார்கள்.

வலை இல்லை.

இதுதான் கரையை நடுங்க வைத்தது. வலை போட்டவன் என்றால் பிடிக்கலாம், அடிக்கலாம், பொலிசில் கொடுக்கலாம். வலை இல்லாமல் வெறும் போத்தலைக் கட்டிப் போட்டவனை என்ன செய்கிறது? பேரின்பம் அண்ணன்தான் முதலில் வாயைத் திறந்தார்.

"இது சூனியம். மீனைக் கட்டி வைச்சிரிக்கான். போத்திலுக்க பாருங்க, கறுப்பா ஏதோ கிடக்கு."

அது அடியில் ஒட்டியிருந்த சோடா.

அன்றிலிருந்து கரையில் நடந்த எல்லாவற்றுக்கும் போத்தல்தான் காரணம். ஒருவருக்கு இறால் படவில்லை, போத்தல். ஒருவருடைய ஆடு நொண்டியது, போத்தல். ஒருவருக்குப் போனில் சிக்னல் கிடைக்கவில்லை, அதுவும் போத்தல். பேரின்பம் அண்ணன் கரையில் தேசிக்காய் வெட்டித் தள்ளினார். ஊரில் ஊறுகாய்க்குத் தேசிக்காய் இல்லை என்று அம்மா குறைப்பட்டாள்.

இவ்வளவு ஆர்ப்பாட்டத்துக்கும் நாங்கள் எங்கே இருந்தோம் என்று கேட்பீர்கள். போத்தல் கட்டிய அன்று மாலையே என்னையும் கூட்டிக்கொண்டு சேர் ஒரு கிழமை முகாமுக்குப் போய்விட்டார். திரும்பி வந்தபோது போத்தல் கிடந்த பக்கத்தில் ஒரு தோணியும் இல்லை.

"பாத்தியா, எங்கட ஆக்கள் பயிற்சிக்கு இடம் விட்டிரிக்காங்க" என்று சேர் கண் கலங்கினார்.

அப்பாவின் கண்டுபிடிப்பு

மறுநாள் காலை வேகமாக வலித்துக்கொண்டு போத்தல் வரிசையை நோக்கிப் போனேன். கரையிலிருந்து அப்பாவின் அலறல் கேட்டது.

"தாண்டாத மகள்! தாண்டாத!"

திரும்பிப் பார்த்தேன். சாரத்தை மடித்துக் கட்டாமலே அப்பா இடுப்பளவு தண்ணீரில் ஓடி வந்துகொண்டிருந்தார். படகு நின்றால்தானே? போத்தல் வரிசை வந்துவிட்டது. என் கை தன் பாட்டில் துடுப்பைத் தூக்கியது. மேலால் வழுக்கிப் போனேன். எனக்கு ஒன்றும் ஆகவில்லை என்று கண்ட பிறகுதான் அப்பா மூச்சு விட்டார்.

நான் கதை முழுவதையும் சொன்னேன். அப்பா சூனியத்தைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. வேறு ஒன்றைத்தான் கேட்டார்.

"கீழ வலை இல்லையெண்டு உனக்குத் தெரியுந்தானே?"

"தெரியும்."

"மறுகா ஏன் தூக்கினாய்?"

"நான் தூக்கல்ல அப்பா. கை தூக்குது."

அப்பாவின் முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது. தன் பிள்ளையை நன்றாகத்தான் வளர்த்திருக்கிறேன் என்கிற சிரிப்பு. அடுத்த கணம், அந்த வளர்ப்பால்தான் படகு போகப்போகிறது என்பது விளங்கியது. சிரிப்பு நின்றது.

இரண்டு நாள் கழித்து, நண்டுக் கறியோடு சோறு தின்றுகொண்டிருந்தவர் கையில் நண்டுக்காலோடு எழும்பி நின்றுவிட்டார்.

"தங்கூசி!"

தங்கூசி என்பது மெல்லிய நைலோன் வலை. தண்ணீருக்குள் மீனின் கண்ணுக்கே தெரியாது. குஞ்சு குருமன் எல்லாவற்றையும் வாரி எடுத்துவிடும். தடை செய்யப்பட்டது. இருந்தும் களவாகப் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். எங்கள் கரைக்காரர் மரியாதை கொடுக்காத ஒரே வலை அதுதான். அப்பா சாந்தமான மனுசன். கோழியை விரட்டும்போதுகூட "போங்க" என்றுதான் சொல்வார். ஆனால் தங்கூசியைக் கண்டால் வேறு ஆள். சங்கத்து ஆட்களோடு போய்த் துண்டு துண்டாக அறுத்து, கரையில் போட்டுக் கொளுத்திவிட்டுத்தான் தேத்தண்ணி குடிப்பார்.

"முடிவில கிடக்கிறது தங்கூசி எண்டு நினை மகள். களவாப் போட்டவன்ட தங்கூசி. தூக்காத. அறுத்துக்கொண்டு போ."

ஊர் பேர் இல்லாதவன்

அப்பா கரைக்காரரைக் கூட்டி விசயத்தைச் சொன்னார். சூனியம் இல்லை என்று கேட்டதில் பேரின்பம் அண்ணனுக்குக் கொஞ்சம் ஏமாற்றம். அத்தனை தேசிக்காய் வெட்டியவர் அல்லவா. ஆனால் தங்கூசிக்காரன் ஒருவனைக் கற்பனை செய்ய வேண்டும் என்று அப்பா சொன்னதும் உசாராகிவிட்டார்.

"அவனுக்குத் தொப்பை."

"இரவில கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு வருவான்" என்றார் இன்னொருவர்.

"புள்ளத்தாச்சி இறாலையும் விடமாட்டான்."

ஆளாளுக்குச் சேர்த்தார்கள். அவனுக்கு மூன்று இஞ்சின், நாலு வீடு, ஒரு தங்கப்பல் எல்லாம் கிடைத்தன. எந்த ஊர்க்காரன் என்பதில்தான் சிக்கல் வந்தது. ஒருவர் தன்னாமுனை என்றார். தன்னாமுனையில் பெண் எடுத்தவர் ஒருவர் சண்டைக்கு எழும்பினார். அடிதடி ஆகப் பார்த்தது. கடைசியில் அவனுக்கு ஊரும் இல்லை பேரும் இல்லை என்று அப்பா தீர்ப்புச் சொன்னார்.

அதன் பிறகு ஒவ்வொரு காலையும் நான் போத்தல் வரிசைக்குக் கிட்ட வரும்போது கரையில் நிற்கிற அத்தனை பேரும் கத்துவார்கள். "தங்கூசிடா! அறு! அறு!"

முதல் நாள் தூக்கினேன். இரண்டாம் நாளும் தூக்கினேன். ஒரு நாள் அரைவாசி தூக்கி, நடுவில் அவனுடைய தங்கப்பல் ஞாபகம் வந்து, துடுப்பைத் தண்ணீரில் அடித்தேன். கரையில் விசில் பறந்தது. அடுத்த நாள் மறுபடியும் தூக்கினேன். போட்டிக்குப் போகிற நாள்வரை என் கை ஒரு நாள் கேட்கும், ஒரு நாள் கேட்காது. எந்த நாள் கேட்கும் என்று எனக்கே தெரியாது.

அறு!

அதே ஏரி. அதே சப்பென்ற தண்ணீர். வாடகைக்குப் பிடித்த ஒரு வானில் அப்பா, அம்மா, சேர், பேரின்பம் அண்ணன், புளிச்சோற்றுப் பொட்டலங்கள் எல்லாம் வந்து இறங்கின. படகு மேலே கட்டப்பட்டு வந்தது. அம்மா வழி நெடுக அது விழுந்துவிட்டதா என்று தலையை வெளியே நீட்டிப் பார்த்துக்கொண்டு வந்ததில் அவளுக்குக் கழுத்துப் பிடித்துவிட்டது.

தொடக்கம் சரியில்லை. பயத்தில் கை விறைத்துப்போய் ஐந்தாவதாக, ஆறாவதாகத்தான் வந்துகொண்டிருந்தேன். பாதித் தூரத்துக்குப் பிறகு படகு கையில் வந்தது. ஒருத்தியைத் தாண்டினேன். இன்னொருத்தியைத் தாண்டினேன். எனக்கும் மூன்றாம் இடத்துக்கும் நடுவில் போனமுறை புஸ் புஸ்ஸென்று மூச்சு விட்டவள்தான் இருந்தாள்.

அப்போது சிவப்பு மிதப்புகள் தெரிந்தன.

என் வலத்தோள் எழும்பத் தொடங்கியது. சொல்லச் சொல்லக் கேட்காமல் எழும்பியது. எனக்குத் தொப்பையும் ஞாபகம் வரவில்லை, தங்கப்பல்லும் ஞாபகம் வரவில்லை. கரையில் பேரின்பம் அண்ணன் கத்துவது எங்கேயோ தூரத்தில் கேட்டது.

அதற்கு மேலால் ஒரு குரல் வந்தது. அம்மாவின் குரல். எங்கள் அம்மா பக்கத்து வீட்டுக்குக் கேட்கிற மாதிரிக்கூடப் பேசாதவள்.

"அறுடி! அவன் நாசமாப் போக! அறு!"

அறுத்தேன். மிதப்பைப் பார்த்துக்கொண்டே துடுப்பைக் குத்தினேன். மறுபடி குத்தினேன். அம்மாவுக்குப் பக்கத்தில் நின்ற சிங்களப் பெண்கள் அர்த்தம் தெரியாமலே "அறு! அறு!" என்று சேர்ந்துகொண்டார்களாம். நான் கோட்டைத் தாண்டியும் நிறுத்தவில்லை. அறுக்கத் தொடங்கினவள் எங்கே நிறுத்துகிறது? ஏரியின் கோடிவரை போய்ப் புல்லுக்குள் ஏறிவிட்டேன். மீட்புப் படகில் வந்தவர்கள் என்னைத் திருப்பிப் பிடித்து அனுப்பினார்கள்.

மூன்றாம் இடத்தில் சிக்கல். என்னையும் புஸ் புஸ்காரியையும் பிரிக்க முடியவில்லை என்று கமராப் படத்தைப் போட்டுப் பார்த்தார்கள். அப்பா எழும்பவுமில்லை, இருக்கவுமில்லை, ஒருமாதிரி குந்திக்கொண்டே நின்றார். பிறகு ஒலிபெருக்கியில் சிங்களத்தில் ஏதோ சொன்னார்கள். எங்களில் சேருக்கு மட்டும்தான் விளங்கியது. அவர் எங்களுக்குச் சொல்லவில்லை. ஓவென்று கத்திக்கொண்டு ஓடிப்போய் ஏரிக்குள் குதித்துவிட்டார். அத்தனை வருடமும் சும்மா சுமந்த அங்கி அன்றைக்குத்தான் உதவியது.

படகு எங்களுக்குத்தான்.

கரையில்

ஊருக்கு வந்து சேர்ந்தபோது விடிந்துவிட்டது. வான் கூரையிலிருந்து இறக்கிய படகைக் கரைக்காரர் வீட்டுக்குக் கொண்டுபோக விடவில்லை. தண்ணீரில் விட்டுப் பார்க்க வேண்டுமாம். ஒவ்வொருவராக ஏறிப் பார்க்க வேண்டுமாம்.

முதலில் பேரின்பம் அண்ணன் ஏறினார். ஏறினார் என்பதைவிட மறுபக்கத்தால் விழுந்தார் என்பது சரி. அடுத்தவர் ஒரு காலை மட்டும் வைத்தார், அதோடு சரி. தண்ணீரிலேயே பிறந்து வளர்ந்தவர்கள், தோணியில் நின்றுகொண்டே நித்திரை கொள்கிறவர்கள், ஒருவர் பின் ஒருவராக அந்த ஒல்லிப் படகிலிருந்து தொபுக்கென்று விழுந்து எழும்பினார்கள். கரையில் பெண்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள்.

கடைசியில் அப்பா வந்தார். எல்லாரையும் விலகச் சொன்னார். மெதுவாக ஏறி, முழங்காலை ஊன்றி, துடுப்பைக் கையில் எடுத்தார். ஒரு மூச்சு விடுகிற நேரம் இருந்தார். பிறகு அவரும் தண்ணீருக்குள் போய்விட்டார்.

நெஞ்சளவு தண்ணீரில் எழும்பி நின்றபோது தலையில் பாசி வடிந்தது. யாரோ சிரித்தார்கள். அப்பா சிரிக்கவில்லை. படகைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"இதிலயா மகள் இவ்வளவு நாளும் வலிச்சாய்?"

"ஓம் அப்பா."

"ஒத்த முழங்கால்லயா?"

"ஓம்."

அவர் படகைத் திருப்பி, தண்ணீரை வழித்து, இரண்டு கையாலும் ஆடாமல் பிடித்துக்கொண்டார்.

"ஏறு. நேராப் போ. நான் பாக்க வேணும்."

ஏறினேன். முன்னால் பார்த்தேன். காலை நேரம், வாவி நிறைய மிதப்புகள். பேரின்பம் அண்ணனுடையது, அதற்கப்பால் மற்றவர்களுடையது, ஒன்றன்பின் ஒன்றாகக் குறுக்கே கிடந்தன.

"அப்பா, வலை கிடக்கு" என்றேன்.

அப்பா கரையைத் திரும்பிப் பார்த்தார். நான் பிறந்ததிலிருந்து அவர் கரைக்காரரை அப்படி அதட்டி நான் கேட்டதில்லை.

"என்னடா நிண்டு பாக்கிறீங்க? வலையை எடுங்கடா! எண்ட புள்ள வாறாள்!"

பேரின்பம் அண்ணன்தான் முதலில் ஓடினார். ஈரச் சாரத்தோடு தோணியில் பாய்ந்து, பட்ட மீனையும் பாராமல் வலையை இழுத்தார். அடுத்த தோணி போனது, அதற்கடுத்தது போனது. மிதப்புகள் ஒவ்வொன்றாகத் தோணிக்குள் ஏறின. எனக்குக் கண் மறைத்துக்கொண்டு அழுகை வந்தது. புறங்கையால் துடைத்துக்கொண்டு வலிக்கத் தொடங்கினேன்.